அமெரிக்காவில் வழக்கறிஞருக்கான சிஎல்இ: எத்தனை மணி, எந்த வகுப்பு, எங்கே சறுக்கும்?

கேள்வி இதுதான்: வெளிநாட்டில் சட்டப் பட்டம் பெற்றவர், அமெரிக்காவில் எல்எல்எம் என்ற சட்ட முதுகலைப் படிப்பை முடித்து நியூயார்க் பாரில் சேர்ந்து, அதாவது வழக்கறிஞர் உரிமம் பெற்று, ஒரு மாதம் ஆகிறது. பின்னால் கலிபோர்னியாவிலும் உரிமம் வாங்கும் எண்ணம் இருக்கிறது. "சிஎல்இ, சிஎல்இ என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும், யாரிடம் படிக்க வேண்டும், படிக்காவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்கிறார். சிஎல்இ என்பது உரிமம் வாங்கிய பிறகும் வழக்கறிஞர்கள் எடுக்க வேண்டிய தொடர் சட்டக் கல்வி.

நான் இந்த இரண்டு மாநிலங்களிலும் உரிமம் வைத்திருக்கிறேன். மணிக்கணக்கை முடிப்பது சிரமமே இல்லை. எந்த வகை வகுப்பு, எந்த வடிவத்தில், எந்தத் தேதிக்குள், கையில் என்ன சான்று என்ற நான்கில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் எண்களைச் சீக்கிரம் சொல்லிவிட்டு, மாட்டிக்கொள்ளும் இடங்களில் நின்று பேசுகிறேன்.

முதலில், தொடர் சட்டக் கல்விக்கு நாடு முழுமைக்குமான ஒரே விதி அமெரிக்காவில் கிடையாது. உரிமம் தருவது மாநிலம். பெரும்பாலும் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம்தான் விதியையும் வகுக்கிறது. வழக்கறிஞர்களின் தேசிய சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷன் மாதிரி விதி ஒன்று வைத்திருக்கிறது. 1986இல் ஏற்றது, 2017இல் புதுப்பித்தது. ஆனால் அது மாதிரிதான், யாரையும் கட்டுப்படுத்தாது.

இந்தக் கட்டாயம் வந்த கதையும் தெரிந்திருப்பது நல்லது. விருப்பப்பட்டவர்கள் படிப்பது பழைய வழக்கம். வழக்கறிஞர்களுக்கு வகுப்பு நடத்தும் நியூயார்க்கின் பிராக்டிசிங் லா இன்ஸ்டிட்யூட் 1933இலேயே தொடங்கிவிட்டது. 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வாரன் பர்கர் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, நீதிமன்றத்தில் நின்று வழக்கு நடத்தும் பலருக்கு அதற்கான தேர்ச்சி இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே சமயத்தில் அதிபர் நிக்சன் ஆட்சியின் வாட்டர்கேட் ஊழலில் வழக்கறிஞர்கள் வரிசையாகச் சிக்க, தொழில்மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1975இல் மினசோட்டாவும் அயோவாவும் முதலில் கட்டாயமாக்கின. இன்று பெரும்பாலான மாநிலங்களில் கட்டாயம். மாசசூசெட்ஸ், மிச்சிகன், மேரிலாந்து போன்ற ஒருசில இடங்களில் மட்டும் ஆண்டுதோறும் இத்தனை மணி என்ற நிபந்தனை இல்லை. வாஷிங்டன் டி.சி.யிலும் மணிக்கணக்கு கிடையாது. ஆனால் புதிதாகச் சேர்பவர் 12 மாதத்துக்குள் ஒரு கட்டாய வகுப்பை முடித்தாக வேண்டும்.

சரி, உங்கள் நியூயார்க் கணக்குக்கு வருவோம்.

நீங்கள் இப்போது 'புதிதாகச் சேர்ந்தவர்' என்ற பிரிவில் இருக்கிறீர்கள். முதல் இரண்டு ஆண்டில் 32 கிரெடிட் (கிரெடிட் என்பது வகுப்பு நேரத்தை எண்ணும் அலகு; இங்கே ஒன்று 50 நிமிடம்). இதை மொத்தமாக இரண்டாம் ஆண்டுக் கடைசியில் முடித்துக்கொள்ள முடியாது. உறுதிமொழி எடுத்த தேதியிலிருந்து முதல் ஆண்டு நிறைவதற்குள் 16, இரண்டாம் ஆண்டுக்குள் இன்னொரு 16. ஒவ்வொரு 16இலும் தொழில் நெறிக்கு 3, தொழில் திறனுக்கு 6, மீதி 7 அலுவலக நிர்வாகத்துக்கோ நீங்கள் வேலை செய்யும் சட்டத் துறைக்கோ. 2023 ஜூலை 1 முதல் இணையப் பாதுகாப்பு, தனியுரிமை, தரவுப் பாதுகாப்பு பற்றி ஒரு கிரெடிட்டும் இரண்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். அது 32க்குள்ளேயே அடங்கும்.

இங்கேதான் நான் சறுக்கினேன். முதல் ஆண்டு முடிய மூன்று வாரம் இருந்தபோது, பதிவு செய்யப்பட்ட வீடியோ வகுப்புகளாகப் பார்த்து 'திறன்' பகுதியை முடித்துவிட்டேன். சான்றிதழ்களும் வந்தன. அப்புறம்தான் இரண்டு தவறு தெரிந்தது. ஒன்று, அவற்றில் பாதி அனுபவம் உள்ள வழக்கறிஞர்களுக்கான வகுப்புகள். புதியவர்கள் எடுக்க வேண்டியதை டிரான்சிஷனல் என்று தனியாகக் குறித்திருப்பார்கள். அந்தச் சொல் சான்றிதழில் இருக்கிறதா என்று நான் பார்க்கவேயில்லை. இரண்டாவது, புதியவர்களுக்குத் திறன் வகுப்பும் நெறி வகுப்பும் நேரடியாக நடக்க வேண்டும். நேரில் உட்கார்ந்தோ, நடந்துகொண்டிருக்கும்போதே கேள்வி கேட்கக்கூடிய இணைய வகுப்பிலோ இருக்க வேண்டும். பதிவு செய்த வீடியோ அந்த 7 கிரெடிட்டுக்குத்தான் செல்லும். கடைசி இரண்டு வாரத்தில் அலுவலக வேலையை ராத்திரிக்குத் தள்ளிவிட்டு, பகலெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து சரிசெய்தேன். உங்களுக்கு அந்த ஓட்டம் வேண்டாம்.

வெளிநாட்டில் ஏற்கெனவே வழக்கறிஞராக வேலை பார்த்தவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். நியூயார்க்கில் சேர்வதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டாவது வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ தொழில் செய்திருந்தால், உங்களைப் புதியவராகக் கணக்கிட மாட்டார்கள்; அனுபவம் உள்ளவருக்கான விதிதான் பொருந்தும். எல்எல்எம் படிக்க வருகிறவர்களில் பலருக்கு இது தெரியாமல், தேவையே இல்லாத 32 கிரெடிட்டை முடிக்க ஓடுகிறார்கள். உங்கள் அனுபவம் எத்தனை ஆண்டு என்று நீங்கள் சொல்லவில்லை. முதலில் அதை எண்ணிப் பாருங்கள்.

அனுபவம் உள்ளவருக்கான விதி எளிது. இரண்டு ஆண்டுக்கு 24 கிரெடிட். அதில் குறைந்தது 4 தொழில் நெறி, 1 பன்முகத்தன்மையும் பாகுபாடு ஒழிப்பும், 1 இணையப் பாதுகாப்பு. பதிவு செய்த வீடியோ, ஒலி வகுப்பு எல்லாம் செல்லும். கூடுதலாகச் சேர்ந்த கிரெடிட்டில் 6 வரை அடுத்த சுற்றுக்கு எடுத்துப்போகலாம். வகுப்பு எடுத்தாலும் கிரெடிட் உண்டு: அங்கீகாரம் பெற்ற வகுப்பில் 50 நிமிடம் பேசினால் 3 கிரெடிட். ஒரு தலைப்பை மற்றவர்களுக்குச் சொல்லித்தரத் தயாராகிறவர் கற்றுக்கொள்வது, கேட்டுக்கொண்டிருப்பவர் கற்பதைவிட மிக அதிகம். அதற்கு மூன்று மடங்கு தருவது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஏழைக் கட்சிக்காரர்களுக்கு இலவசமாக வாதாடினாலும், அது நீதிமன்றமோ அங்கீகாரம் பெற்ற அமைப்போ ஒப்படைத்த வழக்காக இருந்தால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட் வீதம் சேரும்.

கிரெடிட் என்பதும் மணி நேரம் என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நியூயார்க்கில் ஒரு கிரெடிட் 50 நிமிடம். ஆக 24 கிரெடிட் என்பது 1,200 நிமிடம், கடிகாரக் கணக்கில் 20 மணி நேரம்தான். கலிபோர்னியாவில் 60 நிமிடம். 100 நிமிட வகுப்பு ஒன்று நியூயார்க்கில் முழுசாக இரண்டு கிரெடிட் தரும். கலிபோர்னியாவில் அதே வகுப்பு இரண்டு மணி நேரத்தைத் தொடாது. இரண்டு உரிமம் வைத்திருப்பவர்கள் ஒரே அட்டவணையில் இரண்டு பத்தி போட்டு, நிமிடத்தை எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனியாக வகுத்துக்கொள்வது நல்லது.

கலிபோர்னியாவில் இதன் பெயர் எம்சிஎல்இ, அதாவது கட்டாயத் தொடர் சட்டக் கல்வி. மூன்று ஆண்டுக்கு 25 மணி நேரம். மூன்று ஆண்டு எப்போது முடியும் என்பது குடும்பப் பெயரின் முதலெழுத்தைப் பொறுத்தது: ஏ முதல் ஜி வரை ஒரு குழு, எச் முதல் எம் வரை இன்னொன்று, என் முதல் இசட் வரை மூன்றாவது. நடுவில் சேர்ந்தால் முதல் சுற்றில் மணிக்கணக்கு அதற்கேற்பக் குறையும். 25இல் நெறிக்கு 4, பாகுபாடு ஒழிப்புக்கு 2, வழக்கறிஞரின் உடல்நலம், மனநலம், போதைப் பழக்கம் பற்றிய 'தொழில் தகுதி' வகுப்புக்கு 2, தொழில்நுட்பத்துக்கு 1, சக வழக்கறிஞர்களிடமும் நீதிமன்றத்திலும் பண்போடு நடப்பது பற்றி 1. பாகுபாட்டு வகுப்பில் ஒரு மணி நேரம் நம்மை அறியாமலேயே நமக்குள் இருக்கும் பாகுபாடு பற்றியது. ஆக 10 மணி நேரம் வகை குறித்தது, 15 உங்கள் விருப்பம். மொத்தத்தில் பாதியாவது, அதாவது 12.5 மணி, நீங்கள் கலந்துகொண்டதை வகுப்பு நடத்துபவரே உறுதிசெய்யும் வகையில் இருக்க வேண்டும். மீதியை நீங்களாகவே படித்துக்கொள்ளலாம். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் ஆண்டிலேயே 10 மணி நேரப் பயிற்சி ஒன்று தனியாக உண்டு. நியூயார்க் போல மிச்சத்தை அடுத்த சுற்றுக்கு எடுத்துப்போக இங்கே வழியில்லை; 40 மணி நேரம் படித்தாலும் அடுத்த சுற்று சுழியத்திலிருந்துதான்.

அந்தத் 'தொழில் தகுதி' வகுப்பைப் பலர் கடமைக்கு ஓடவிடுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. மன அழுத்தத்திலும் குடியிலும் முடங்கிப்போன வழக்கறிஞரின் மேசையில் தேதி தாண்டிய கோப்புகள் இருக்கும். ஒவ்வொரு கோப்புக்குப் பின்னாலும் வழக்கை இழந்த ஒருவர் இருப்பார். அந்த வகுப்பில் சொல்லப்படும் அறிகுறிகளை என் நண்பர் ஒருவரிடம் நான் அடையாளம் கண்டது, வகுப்பு கேட்டு ஆறு மாதம் கழித்து. உதவி கேட்க எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம், இரண்டு உரிமம் இருந்தால் இரண்டு மடங்கு படிக்க வேண்டுமா என்ற கேள்வி. பெரும்பாலும் வேண்டாம். இந்த இரண்டு மாநிலமும், வேறு எந்தெந்த மாநிலங்கள் அங்கீகரித்த வகுப்புகளை ஏற்கும் என்று பட்டியல் வைத்திருக்கிறது. பெரிய பயிற்சி நிறுவனங்கள் ஒரே வகுப்புக்குப் பல மாநில அங்கீகாரம் வாங்கி வைத்திருக்கும். எதற்கு அங்கீகாரம், எத்தனை கிரெடிட், எந்த வகை என்று மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன்னால் பாருங்கள். நெறி வகுப்பு என்று ஒரு மாநிலம் ஏற்றதை இன்னொரு மாநிலம் பொது வகுப்பாக மட்டும் கணக்கிடக்கூடும்.

நியூயார்க் உரிமத்தை வைத்துக்கொண்டு வேறு எங்கோ வேலை செய்பவர்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஒரு சுற்று முழுவதும் நியூயார்க்கில் வழக்கறிஞர் தொழில் செய்யவே இல்லையென்றால் சிஎல்இ தேவையில்லை. நீங்கள் பின்னால் கலிபோர்னியாவில் மட்டும் தொழில் செய்தாலும், ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாலும் இது உங்களுக்குப் பயன்படும். ஆனால் இரண்டு எச்சரிக்கை. குறிப்பிட்ட ஒருவருக்கு, குறிப்பிட்ட அவருடைய பிரச்சினையில் சட்ட ஆலோசனை சொல்வதே தொழில் செய்வதுதான். நீதிமன்றத்தில் நின்றால்தான் என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு நியூயார்க் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் எழுதித் தருபவர் இந்த விலக்கைத் தைரியமாகக் கேட்க முடியாது. சந்தேகமாக இருந்தால் 24ஐயும் முடித்துவிடுங்கள், அதுதான் நிம்மதி. இன்னொன்று, சிஎல்இ விலக்கு என்பது பதிவிலிருந்து விலக்கு அல்ல. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, உங்கள் பிறந்தநாளிலிருந்து 30 நாளுக்குள் வழக்கறிஞர் பதிவைப் புதுப்பித்து 375 டாலர் கட்ட வேண்டும். வெளிநாட்டில் இருந்தாலும் இதுதான். 'நான்தான் தொழிலே செய்யவில்லையே' என்று விட்டுவிட்டு, வருடங்கள் கழித்து நன்னடத்தைச் சான்று கேட்கும்போது முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சான்று. இரண்டு மாநிலத்திலும் நீங்கள் சான்றிதழ்களை அனுப்பி வைப்பதில்லை. 'முடித்துவிட்டேன்' என்று உறுதிகூறுகிறீர்கள், அவ்வளவுதான். பென்சில்வேனியா போன்ற இடங்களில் வகுப்பு நடத்துபவரே கணக்கை மாநிலத்துக்கு அனுப்பிவிடுவார். நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் பொறுப்பு முழுக்க நம் தலையில். நியூயார்க்கில் சான்றிதழ்களை நான்கு ஆண்டும், கலிபோர்னியாவில் உறுதி கொடுத்த பிறகு ஓராண்டும் வைத்திருக்க வேண்டும். பதிவு செய்த வகுப்பில் நடுநடுவே ஒரு குறியீட்டைச் சொல்வார்கள். அதைப் படிவத்தில் எழுதி அனுப்பினால்தான் நியூயார்க் சான்றிதழ் வரும். எழுந்து காபி போடப் போனால் குறியீடு தப்பிவிடும், வகுப்பைத் திரும்ப ஓட்ட வேண்டியதுதான்.

வழக்கறிஞர்களைக் கண்காணிக்கும் அமைப்பான கலிபோர்னியா ஸ்டேட் பார் சிலரைத் தேர்ந்தெடுத்துத் தணிக்கை செய்கிறது. 2014இல் ஸ்டேட் பார் நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு ஒரு வழக்கைத் தீர்த்தது. ஒரு வழக்கறிஞர் கையில் ஆவணம் எதையும் பார்க்காமல், ஞாபகத்தை நம்பி 'முடித்துவிட்டேன்' என்று உறுதி கொடுத்திருக்கிறார். தணிக்கையில் காட்ட ஒன்றும் இல்லை. வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் அத்தனை அசட்டையாக உறுதி கொடுத்ததே ஒழுக்கக்கேட்டுக்குச் சமம் என்று சொல்லிப் பகிரங்கக் கண்டனம் விதித்தது. யோசித்துப் பாருங்கள்: மணி நேரம் குறைந்திருந்தால் தாமதக் கட்டணத்தோடு முடித்துத் தப்பியிருக்கலாம். கெடுத்தது அந்தக் கையெழுத்து. மணி நேரம் போதவில்லை என்றால் அதை ஒப்புக்கொள்ளுங்கள், கட்டணத்தைக் கட்டுங்கள், முடியுங்கள். முடிக்காமலேயே விட்டால் கலிபோர்னியாவில் தொழில் செய்யும் தகுதியை நிறுத்திவைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கட்சிக்காரருக்காக ஒரு கடிதம் எழுதினாலும் குற்றம்.

சிலர் கேட்பார்கள், இந்தக் கட்டாயமே சரியா என்று. கலிபோர்னியாவில் ஒரு வழக்கறிஞர் கேட்டார்: சட்டப் பேராசிரியர், ஓய்வுபெற்ற நீதிபதி, அரசு ஊழியர் ஆகியோருக்கு விலக்கு, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று. 1999இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், அந்தப் பாகுபாட்டுக்குப் போதிய காரணம் இருக்கிறது என்று சொல்லித் திட்டத்தை நிலைநிறுத்தியது. சட்டப்படி கேள்வி முடிந்தது. ஆனால் உட்கார்ந்து கேட்பதால் மட்டும் வழக்கறிஞர் தேறிவிடுகிறாரா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை, அதைக் கேட்பவர்கள் தவறாகக் கேட்கவில்லை. வீடியோ ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் மின்னஞ்சல் எழுதினால் யாரும் எதையும் கற்கப்போவதில்லை.

அதனால்தான் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். நமக்கு நன்றாகத் தெரிந்த தலைப்பை எடுத்துக் கிரெடிட் சேர்ப்பது சுகமாக இருக்கும். நான் செய்வது வேறு: வருடத்தில் எந்தக் கேள்விக்கு 'பார்த்துச் சொல்கிறேன்' என்று கட்சிக்காரரிடம் சொன்னேனோ, அதைக் குறித்துவைத்து அந்தத் தலைப்பில் வகுப்பு தேடுவேன்.

தொழில்நுட்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். தொழில்நுட்பத்தின் பயனையும் ஆபத்தையும் அறிந்திருப்பது வழக்கறிஞரின் தகுதியில் ஒரு பகுதி என்று அமெரிக்க பார் அசோசியேஷன் 2012இலேயே தன் மாதிரி நடத்தை விதியின் விளக்கத்தில் சேர்த்துவிட்டது. 2017 முதல் ஃபுளோரிடா தொழில்நுட்ப வகுப்பைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம். வட கரோலினா 2019இல் பின்தொடர்ந்தது. 2023இல் நியூயார்க்கின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் நடந்த மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாட்ஜிபிடி கற்பனை செய்த, எங்குமே இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி வழக்கறிஞர்கள் மனு போட்டுவிட்டார்கள். நீதிபதி கெவின் காஸ்டெல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். அந்தத் தீர்ப்பில் நான் மறக்காத இடம் ஒன்று: அந்த அலுவலகம் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு பற்றிய சிஎல்இ வகுப்புக்கு ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டதால், படிக்கச் சொல்லித் தனியாக உத்தரவிடத் தேவையில்லை என்று நீதிபதி சொல்கிறார். ஒரு மணி நேர வகுப்பை முன்னாலேயே கேட்டிருந்தால் அந்த மனு அந்த வடிவில் போயிருக்காது என்றுதான் நான் நம்புகிறேன்.

பணம் ஒரு கவலை என்றால்: பார் சங்கங்களும் சட்ட உதவி அமைப்புகளும் இலவச வகுப்பு நடத்துகின்றன, குறிப்பாக இலவச வழக்கு எடுக்க முன்வருபவர்களுக்கு. நியூயார்க்கில் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பயிற்சி நிறுவனமும் பண நெருக்கடியில் இருப்பவர்களுக்குச் சலுகைத் திட்டம் வைத்திருந்தாக வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். நானே முதல் ஆண்டில் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

உங்களுக்கு இப்போது உடனே செய்ய வேண்டியது மூன்று. முந்தைய ஏழு ஆண்டில் ஐந்தாண்டு அனுபவம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், உறுதிமொழி எடுத்த தேதிக்குச் சரியாக ஓராண்டு கழித்து வரும் நாளை நாட்காட்டியில் எழுதி, அதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு நினைவூட்டல் வையுங்கள். நேரடி வகுப்பாக வேண்டிய 3 நெறி, 6 திறன் இரண்டையும் முதலில் முடியுங்கள். மீதி 7ஐ எந்த ஞாயிற்றுக்கிழமையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கலிபோர்னியா உரிமம் கைக்கு வந்ததும் எழுதுங்கள், உங்கள் குழுவின் தேதியை வைத்து இரண்டு கணக்கையும் சேர்த்துப் போட்டுத் தருகிறேன்.